பஸ் நிற்க இடமில்லாத ஊர்

ஆளில்லாத நகராட்சி மைதானத்திலிருந்து நாற்பதாயிரம் பேர் கத்தும் சத்தம் முதன்முதலாகக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். கண்ணை மூட முடியவில்லை என்று புகார் வரவே, நகராட்சிப் பொறியாளரம்மா போய்ப் பார்த்தாள். கோல் கம்பத்தின் மேல் ஒரு காக்கை, கீழே காய்ந்த புல், வேறொன்றுமில்லை. நடுவில் போய் நின்றபோது நாலு பக்கமும் ஆரவாரம் எழுந்து, ஏதோ பந்து தவறியதுபோல “ச்சே” என்று ஒரே மூச்சில் அடங்கியது. அவளும் தன்னையறியாமல் “ச்சே” என்றாள். இவர்களெல்லாம் யார், எந்த ஆட்டத்தைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் அவளுக்கு மண்டை குடைந்தது. அதன்பின் ஞாயிறு தவறாமல் சத்தம் கேட்டது; அவளும் எந்த ஞாயிறும் வீடு தங்கவில்லை. ஊர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கப் பழகினார்கள்.

அடுத்த உலகக் கால்பந்துப் போட்டி இந்த நாட்டில்தான் என்று அறிவிப்பு வந்ததும் நகராட்சித் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. “ஜனங்க முன்னாடியே வந்து உக்காந்துட்டாங்க, ஸ்டேடியம் கட்டவேண்டியதுதான் பாக்கி” என்று சொல்லிக்கொண்டு மனுப் போட்டார். ஆனால் ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கேட்டதெல்லாம் வேறு: விமான நிலையம் எவ்வளவு தூரம், ஓட்டலில் அறை போதுமா, பயிற்சிக்குத் தனி மைதானம் உண்டா, வருகிற பஸ்கள் எங்கே நிற்கும். கடைசிக் கேள்விக்கு மைதானத்தை ஒட்டிய தெருவை இடிப்பதைத் தவிர வழி இருக்கவில்லை. அந்தத் தெருவில்தான் பொறியாளரின் அக்கா தையல்கடை வைத்து, பின்கட்டில் குடியிருந்தாள்.

“இந்தப் படத்துல என் வீடு எங்கடி?” என்று தங்கை கொண்டுவந்த ஸ்டேடிய வரைபடத்தைப் பார்த்துக் கேட்டாள் அக்கா.

“பஸ் நிக்கிற இடத்துலக்கா.”

அக்கா தங்கைக்குத் தைத்துக்கொண்டிருந்த சட்டையை, ஒரு கை மட்டும் வைத்த நிலையிலேயே, மடித்துக் கையில் கொடுத்துவிட்டாள். மாதக்கணக்கில் இருவருக்கும் பேச்சில்லை.

தேர்வுக்குழு வந்தது. குழுத் தலைவர் ஒரு காலத்தில் நடுவராக இருந்தவர். புல்லைக் கிள்ளிப் பார்த்து, ஆம்புலன்ஸ் வரும் வழியை அளந்துகொண்டிருந்தபோது சத்தம் கிளம்பியது. அவர் பழக்கதோஷத்தில் விரலை வாயில் வைத்து விசிலடிக்க, மொத்தக் கூட்டமும் அவரைத் திட்டித் தீர்த்தது. மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஓய்வுபெற்றபின் யாரும் அவரை இப்படி மதித்ததில்லை.

“இந்த ஊருக்கே குடுத்துடலாம். பஸ்ஸெல்லாம் எங்கம்மா நிக்கும்?” என்று பொறியாளரைக் கேட்டார்.

தெருவைச் சொல்லும்படி நகராட்சித் தலைவர் கண்ணால் ஜாடை காட்டினார். இந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரர்களை ஒருதடவையாவது நேரில் பார்த்துவிட அவளுக்கும் ஆசைதான். தெருப்பக்கம் திரும்பினாள். அக்கா வாசலில் துணியை உதறிக்கொண்டிருந்தாள்.

“நிக்க இடமில்லீங்க. அங்க ஜனங்க குடியிருக்காங்க.”

போட்டி மலைக்கு அந்தப்பக்கத்து ஊருக்குப் போயிற்று. அவள் சாக்கடைப் பிரிவுக்கு மாற்றப்பட்டாள். மறுவாரம் அக்கா சட்டையைத் திரும்ப வாங்கி மற்றொரு கையையும் வைத்துக் கொடுத்தாள்.

முதல் ஆட்டத்தன்று இருவரும் அக்கா வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். புது ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. முகத்தில் சாயம் பூசியவர்கள், தோளில் பிள்ளையைத் தூக்கியவர்கள் என்று அத்தனை பேரும் வாயைத் திறந்து கத்தினார்கள், ஆனால் வர்ணனை மட்டும்தான் கேட்டது, கூட்டத்தின் சத்தம் துளியும் வரவில்லை. ஒயரில் கோளாறில்லை என்றார்கள் டிவிக்காரர்கள். தொண்டை கட்டியதுதான் மிச்சம், தங்கள் குரல் தங்களுக்கே கேட்கவில்லை என்று நேரில் போனவர்கள் பிற்பாடு சொன்னார்கள். பொறியாளர் திரைக்கு அருகில் நகர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“இவங்கதானாக்கா!”

“பாக்க நல்லவங்களாத்தான் இருக்காங்க,” என்றாள் அக்கா.

கோல் விழுந்தது. வெளியே ஆளில்லாத நகராட்சி மைதானத்திலிருந்து எழுந்த ஆரவாரத்தில் பாத்திரங்கள் அதிர்ந்தன. வர்ணனை காதில் விழவில்லை என்று அக்கா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.