புழு ஓடிய தடம்

சிப்பிங் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டியதும் வெல்டிங்கின் மேல் உறைந்திருந்த ஸ்லாக் ஓடு முழுசாய்க் கழன்று விழுந்தது. அது விழுந்த அழகைப் பார்த்து ஒரு நொடி பரசுராமனுக்கு நெஞ்சு குளிர்ந்ததென்னவோ உண்மைதான். முகமூடியைத் தூக்கிவிட்டு டார்ச்சை அடித்தார். பளபளவென்ற வெல்டிங் தையலின் மேல், மழை விட்ட மறுநாள் ஈர மண்ணில் மண்புழு ஊர்ந்து போனது போல் நாலைந்து கோடுகள். "நாசமாப் போச்சு" என்றார், சத்தமாகவே. ஒரகடத்தில் அந்த ஷெட்டில் அதற்குப் பெயரே புழுதான். உருகிய எஃகுக்குள் மாட்டிக்கொண்ட காற்று, மேலே மூடிய ஸ்லாக்கைத் தாண்டி வெளியேற வழி தெரியாமல் அடியிலேயே ஊர்ந்து போன தடம் அது. ஒரு புழு இருந்தாலும் ஜாயிண்ட் செல்லாது, அவ்வளவுதான், அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும்.

மூன்று வாரத்தில் இது ஐந்தாவது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை ஒன்றுக்குப் போகிற குழாய்கள். ட்யூப்ளக்ஸ் என்று சொல்கிற எஃகு, உப்புத் தண்ணீருக்கும் அசையாது. ஆனால் வெல்டிங்கில் சூடு கூடினாலும் முகத்தைத் தூக்கிக்கொள்ளும், குறைந்தாலும் முகத்தைத் தூக்கிக்கொள்ளும். மாப்பிள்ளை வீட்டாரைப் போல அதைத் தாங்கித் தாங்கித்தான் வேலை வாங்க வேண்டும். பரசுராமன் இருபத்திரண்டு வருஷமாகத் தாங்குகிறவர். ஒட்டிய ஒவ்வொரு ஜாயிண்டின் பக்கத்திலும் அவருடைய நம்பர் இருக்கும், பதினேழு. ஆறாவது ஜாயிண்ட் கெட்டால் அந்த நம்பரைப் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் கிரைண்டிங்தான். நேற்று வந்தவனோடு உட்கார்ந்து நாள் முழுக்கத் தேய்க்க வேண்டும்.

இதில் அவர் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது வேறொன்று. அதே மெஷினில் இரண்டாவது ஷிப்டில் மாரிராஜ் ஓட்டுகிறான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், இருபத்தேழு வயது, காண்ட்ராக்ட். ஒரே அறையில் நாலு பேரோடு தங்கி, மூன்று வருஷமாக வேலை பார்க்கிறான். அதே மெஷின், அதே வயர், அதே கேஸ். அவன் ஜாயிண்டில் மருந்துக்குக்கூட ஒரு புழு கிடையாது. அது எப்படி என்று பரசுராமன் யோசித்தார். யோசிக்க யோசிக்க ராத்திரித் தூக்கம் போனது.

சந்தேகம் அவருக்குப் பசி மாதிரி, நேரத்துக்கு வந்துவிடும். டீக்கடையில் கிளாஸை வெந்நீரில் கழுவச் சொல்லி, கழுவுகிற வரை நின்று பார்ப்பார். கம்பெனி கொடுக்கிற பனியன் வேஸ்ட் துணியைத் தொட மாட்டார். பக்கத்து ஷெட்டில் சாதா இரும்பைத் தேய்க்கிறார்கள், அந்தத் தூள் துணியில் ஒட்டிக்கொண்டு ட்யூப்ளக்ஸில் துருவேற்றிவிடும் என்பது அவர் கட்சி. வீட்டிலிருந்து பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாய்க் கிழித்து, மனைவி அம்சவல்லி துவைத்து மடித்துக் கொடுத்ததை மட்டும்தான் அசிட்டோனில் நனைத்துக் குழாய் விளிம்பைத் துடைப்பார். வெல்டிங் இன்ஜினியர் ஜீவானந்தமே ஒரு தடவை எல்லாரையும் கூட்டி வைத்து, "பரசு கிட்ட கத்துக்குங்கப்பா" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவருக்கு ஒரு முழம் உயரம் கூடிப்போனது.

அந்த ஜீவானந்தம்தான் இப்போது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தார். கேஸ் ஓட்டத்தை அளந்தார். ஹோஸ் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். சீல் உடைக்காத புது வயர் ஸ்பூல் மாட்டினார். நாசிலை மாற்றினார், வோல்டேஜைக் குறைத்தார், வயர் எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று ஸ்கேல் வைத்தே அளந்தார். பரசுராமனும் தன் பங்குக்கு ஜாக்கிரதையைக் கூட்டினார். முன்பெல்லாம் முதலில் ஒரு தடவை துடைப்பவர், இப்போது ஒவ்வொரு லேயருக்கும் கை பொறுக்கிற சூடு வரும்வரை காத்திருந்து, அசிட்டோன் தொட்டு, பிரஷ் போட்டு, மறுபடி துடைத்து அடுத்ததை ஓட்டினார். சோதனைக்கு ஒட்டிய பிளேட்டுகளில் புழு குறையவில்லை, கூடியது.

"எல்லாம் கரெக்டா இருக்கு பரசு" என்றார் ஜீவானந்தம். சொல்லாமல் விட்டது என்ன என்று பரசுராமனுக்குத் தெரியாதா? எல்லாம் சரியென்றால் கை சரியில்லை. இல்லை, எவனோ கை வைக்கிறான்.

அன்றைக்கே கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர் திருகில் யாருக்கும் தெரியாமல் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வைத்தார். மறுநாள் காலையில் கோடு அரை விரல் தள்ளி இருந்தது. அன்று ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் குழாய் அடுக்குக்குப் பின்னால் நின்று பார்த்தார். மாரிராஜ் வந்தான். வந்ததும் முதல் வேலையாக, பரசுராமன் மாட்டி வைத்திருந்த ஸ்பூலைக் கழற்றிக் கறுப்புக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் வேறொரு ஸ்பூலோடு திரும்பினான். மெஷினின் ரீடிங்கை ஒரு குட்டி நோட்டில் எழுதிக்கொண்டான். பரசுராமனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அப்பாடா, ஆள் கிடைத்துவிட்டான்.

வியாழக்கிழமை ஜீவானந்தத்தின் மேஜைக்கு முன்னால் அவனை நிறுத்தினார்.

"என் ஸ்பூலக் கழட்டி எங்கடா எடுத்துகினு போற?"

"ஹீட்டர் பொட்டியில வைக்கதுக்குண்ணே. வெளிய கெடந்தா ஈரம் புடிச்சிரும்லா."

"உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலண்ணே. டப்பாவுலயே போட்டிருக்கு."

"ரெகுலேட்டர ஏன் திருகுன?"

"முடிச்சிட்டுப் போவும்போது மூடிட்டுத்தான போவணும்ணே."

"என் ரீடிங்க எதுக்கு எழுதி வச்சிகினு கீற? அத சொல்லு."

மாரிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க வைக்க செட்டிங்கப் பாத்துதாம்ணே நான் ஓட்டுதேன். அது தப்பா?"

ஜீவானந்தம் கேட்டது ஒன்றே ஒன்று. "ஸ்பூலை எடுத்துட்டுப் போனியே, ரிஜிஸ்டர்ல என்ட்ரி போட்டியா?" போடவில்லை. அது போதுமானதாக இருந்தது. விசாரணை முடிகிற வரை உள்ளே வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். கேட்டைத் தாண்டுவதற்கு முன் மாரிராஜ் ஒரு தடவை திரும்பி, "அண்ணே, சாமி சத்தியமா நான் ஒண்ணும் செய்யலண்ணே" என்றான். எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்வான் என்று நினைத்துக்கொண்டார் பரசுராமன்.

சாயந்தரம் வடக்குப்பட்டில் வீட்டுக்குப் போய்க் கதையைச் சொன்னபோது அம்சவல்லி நம்பவில்லை.

"அந்தப் புள்ளையா? பொங்கலுக்கு ஊருக்குப் போவ லீவு கெடைக்கலன்னு நம்ம வூட்ல வந்து துன்னுட்டு, துன்ன தட்டக்கூட கழுவி வச்சிட்டுப் போச்சே?"

"தட்டு கழுவுனா யோக்கியனா?"

"உனக்கு யார்மேலதான் சந்தேகம் இல்ல? உன் நிழல் பின்னாடியே வந்தாக்கூட நின்னு கேப்ப, ஏன் வரேன்னு." அவள் மடித்த துணிச் சதுரங்களைக் கவரில் போட்டு அவர் பைக்குள் வைத்தாள். "இந்தா. கடைசியா துணிக்குப் போடற அந்த வாசன மருந்து ஊத்தி அலசிக் கீறேன். ஒரு மாசமா பொக நாத்தமே இல்ல பாரு, கம்முனு கீதா?"

துணியில் மல்லிகை வாசம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. "ம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் மெஷினும் வயரும் கேஸும் அவருக்கு மட்டுமே சொந்தம். ஹீட்டர் பெட்டியின் சாவிகூட அவர் இடுப்பில். நிதானமாக ஒட்டினார். ஒவ்வொரு லேயருக்கும் துடைத்தார். கடைசியில் ஸ்லாக்கைத் தட்டினார், டார்ச் அடித்தார். எண்ணிப் பார்த்தார். ஏழு புழு.

சந்தேகப்பட ஆளே இல்லாமல் போனது அவருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஷெட்டில் அவர் மட்டும் நின்றார். கையை நீட்டிப் பார்த்தார், நடுங்குகிறதா? கண் போய்விட்டதா? ஒட்டும்போது தையல்கூட மங்கலாகத்தானே தெரிந்தது. முகமூடியின் கண்ணாடியைக் கழற்றி, துணியில் அசிட்டோனை ஊற்றித் துடைத்தார். மங்கல் போகவில்லை. அழுத்தித் துடைத்தார், கூடியது. கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். ரோட்டில் தேங்கிய தண்ணீரில் பெட்ரோல் சொட்டியது போல் வானவில் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் மினுங்கியது.

துணியை மூக்கருகே கொண்டுபோனார். அசிட்டோன் நெடிக்குக் கீழே மல்லிகை.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, தான் தொடவே தொடாத கம்பெனி வேஸ்ட் மூட்டையைப் பிரித்து, புதுத் துணி ஒன்றை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். பளிச்சென்றது. சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் கேன்டீனுக்குப் போனதும், உதவாத ட்யூப்ளக்ஸ் பிளேட் ஒன்றை மேஜையில் போட்டார். இடது பாதியைக் கம்பெனித் துணியால் துடைத்து ஒரு கோடு ஒட்டினார். வலது பாதியைத் தன் வேட்டித் துணியால் துடைத்து இன்னொரு கோடு. தட்டினார். இடது பக்கம் குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. வலது பக்கம் புழு.

மெஷினுமில்லை, வயருமில்லை, மாரிராஜுமில்லை. துணி பூப்போல இருக்கட்டும், மணக்கட்டும் என்று அவள் ஆசையாக ஊற்றிய மருந்தின் பசையை அசிட்டோன் கரைத்து எடுத்துக்கொடுக்க, இவர் அதைப் பக்தியோடு எஃகில் பூசியிருக்கிறார். சூட்டில் அது புகைந்து காற்றாகி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. எவ்வளவுக்கு எவ்வளவு சந்தேகப்பட்டாரோ அவ்வளவுக்கு அவ்வளவு துடைத்தார். எவ்வளவு துடைத்தாரோ அவ்வளவு புழு. வாய்விட்டு அழலாம் போல இருந்தது. ஐந்து ஜாயிண்டும், காலையில் ஒட்டிய ஆறாவதும் அவர் கைக் காரியம். சொன்னால் நம்பர் போகும். ஷெட்டே சிரிக்கும், பரசுவின் பெண்டாட்டி வெல்டிங்குக்குச் சென்ட் அடித்தாள் என்று.

சொல்லாவிட்டால்? அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. துணியைக் குப்பையில் போட்டால் போதும். காலையில் ஒட்டியதை இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஒட்டிவிடலாம். நாளையிலிருந்து எல்லா ஜாயிண்டும் சுத்தமாக வரும். ஏன் சுத்தமாக வருகிறது என்று யாரும் கேட்கப் போவதில்லை, அதுதான் மாரிராஜ் போய்விட்டானே. கேட்கிற ஒரே ஆள் இந்த ஷெட்டில் பரசுராமன்தான்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கையிலிருந்த துணியைப் பிளேட்டின் வலது பாதியின் மேல் போட்டார். அவராகப் போட்டாரா, அதுவாக விழுந்ததா, அவருக்கே தெரியாது.

ஜீவானந்தம் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். மேஜையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அட, பாத்தியா! எப்படி வந்திருக்கு பாரு. அவன் வெளிய போனான், எல்லாம் சரியாயிடுச்சு."

பரசுராமன் பிளேட்டின் மேல் கிடந்த துணியைப் பார்த்தார்.

"காண்ட்ராக்டர் லெட்டர் கேக்குறார். அவன் பாஸை ஒரேயடியா கேன்சல் பண்ணப் போறாங்க. இனிமே இந்தப் பேட்டைல எங்கயும் அவனை எடுக்க மாட்டாங்க. நீ பார்த்ததா இங்க ஒரு கையெழுத்து."

ஷெட்டின் பெரிய கதவு திறந்திருந்தது. தூரத்தில் கேட்டுக்கு வெளியே, செக்யூரிட்டி கூண்டின் துண்டு நிழலில், காலையிலிருந்தே மாரிராஜ் குந்தியிருந்தான். மடியில் வெல்டிங் முகமூடி, அதைக்கூட யாரும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. உள்ளே பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

ஜீவானந்தம் பேனாவை நீட்டினார். நீட்டிய பேனாவை வாங்கப் போன கையைப் பார்த்துச் சிரித்தார். "என்னய்யா இது, கரியா இருக்கு. தொடைச்சிட்டுப் போடு, லெட்டர்ல கறையாயிடும்."

துடைப்பதற்குப் பேண்ட் இருந்தது. பேண்டில் துடைத்திருக்கலாம், எத்தனையோ தடவை துடைத்திருக்கிறார். பரசுராமன் குனிந்து, பிளேட்டின் மேல் கிடந்த துணியை எடுத்தார். எடுத்து, விரல் விரலாகத் துடைக்கத் தொடங்கினார். மல்லிகை வாசம் இருவருக்கும் நடுவில் எழுந்தது. துணி விலகிய வலது பாதியில் புழுக் கோடுகள் தெரிந்ததும் ஜீவானந்தத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. பேனா பிடித்த கை அப்படியே இருக்க, இன்னொரு கை டார்ச்சைத் தேடிப் பாக்கெட்டுக்குள் போயிற்று.