ஞாயிற்றுக்கிழமை அழித்தது

லிப்ட்காரருக்கு எந்த இயந்திரத்தோடும் ஒரே ஒரு பழக்கம்தான். கோளாறு என்றால் முதலில் மின்சாரத்தை நிறுத்து, பிறகு யோசி. லிப்ட் ரிப்பேர் வேலையில் இருந்த காலம் முழுக்க அவருடைய பத்து விரலையும் காப்பாற்றிக் கொடுத்தது அந்தப் பழக்கம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் மனுஷன் அதை வீட்டிலும் விடவில்லை. மிக்சியின் சத்தம் மாறினால் பிளக்கைப் பிடுங்குவார். டிவியில் படம் ஆடினால் பிளக்கைப் பிடுங்குவார். போய்ச் சேர்ந்த மனைவியின் கம்ப்யூட்டரிலும் அதையேதான் செய்தார். அன்றிலிருந்து அது திறக்க மாட்டேன் என்கிறது.

மகளிடம் போனில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "கரண்ட் போச்சும்மா. அப்புறம் வரவே மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னார்.

மகளுக்கு ஒரு கம்பெனியின் சர்வர்களைக் கட்டி மேய்க்கிற வேலை, வேறு ஊரில். "இனிமே அதை ஆன் பண்ணாதீங்க. தொடவே தொடாதீங்க. நான் வர்றேன்" என்றாள். சொன்னபடி லீவு போட்டுவிட்டு, பையில் துணிமணியைவிட வயர்களை அதிகமாகத் திணித்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

கம்ப்யூட்டர் இருந்தது வீட்டிலேயே சின்ன அறையில். ஒரு வாசிப்பு மையம் வழியாகப் பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது லிப்ட்காரர் மனைவியின் வேலை. எதிரொலி வராமல் இருக்கச் சுவர் நாலிலும் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். கதவின் அடியில் செருக ஒரு பழைய துண்டு. மேஜையில் மைக். பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவள் மகள். "உங்கப்பாவைவிட இது பரவாயில்லைடி, சொன்னா கேக்குது" என்று அம்மாக்காரி அதற்கு நற்சான்றிதழ் கொடுத்திருந்தாள்.

நோய் முற்றிய பிறகு புத்தக வாசிப்பு நின்றது. மூச்சு இடம் கொடுத்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு, வேண்டியவர்களுக்கென்று தனித்தனியாகப் பேசிப் பதிந்து வைத்தாள். "உனக்குன்னு நிறைய வச்சிருக்கேன். நான் போனப்புறம் கேளு. இப்பவே கேட்டுட்டு அழுது தொலைக்காதே" என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லியும் விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து மகள் ஊருக்குக் கிளம்பியபோது அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு போகவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாள். யார் யாருடைய கணக்குகளுக்கோ நாலு நகல் எடுத்து வைக்கிறவள், பெற்ற தாயின் குரலுக்கு ஒன்றுகூட எடுக்கவில்லை. எடுத்தால் கேட்க வேண்டியிருக்கும், கேட்டால் அம்மா நிஜமாகவே செத்துவிடுவாள் என்று பயம். படித்த பெண்ணுக்கும் பயம் வரும்தானே.

இப்போது அவள் திருகாணிகளைக் கழற்றி, டிஸ்க்கை வெளியே எடுத்து, தன் லேப்டாப்பில் மாட்டினாள். லிப்ட்காரர் டீயை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"மவுண்ட் ஆகலை" என்றாள்.

"அப்படின்னா?"

"டிஸ்க் உயிரோட இருக்கு. ஆனா உள்ளே என்ன எங்க இருக்குன்னு சொல்ற முதல் பக்கம் கெட்டுப்போச்சு. அதனால திறக்க மாட்டேங்குது. கடைசியா என்னப்பா நடந்துச்சு? சரியா யோசிச்சுச் சொல்லுங்க. அதுல ஏதாவது ஓடிக்கிட்டிருந்துச்சா?"

"என்ன ஓடும்? சும்மா ஆன் பண்ணி வச்சிருந்தேன். கரண்ட் போச்சு."

டாக்டரிடமும் ரிப்பேர்காரரிடமும் பொய் சொல்லக் கூடாது என்று, லிப்ட் நின்ற கட்டிடங்களில் எல்லாம் வாட்ச்மேன்களைப் பிடித்து உலுக்கியவர் இவர். "நீ எந்த பட்டனை அமுக்கினே, அதைச் சொல்லு முதல்ல" என்று கத்துவார். தன் முறை வந்தபோது மென்று விழுங்கினார்.

மகள் முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே இன்னொன்றுக்கு நகல் எடுக்கப் போட்டாள். "அசல்ல கை வைக்கக் கூடாது. என்ன செஞ்சாலும் நகல்லதான்." அது மெதுவாக ஓடியது. அவள் ஓய்ந்துபோய் நாற்காலியில் சாய்ந்தாள். லிப்ட்காரர் அடுக்களைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். உள்ளே வரிசையாகப் பெயர் போட்டு வைத்திருந்தாள். மகளுக்கு. தங்கச்சிக்கு. வாசிப்பு மையத்துக்கு. கீழ்வீட்டுக்கு. கீழ்வீட்டுக்காரிக்குக்கூட ஒன்று! மாடிப்படியில் நின்று வம்பளந்ததைத் தவிர அவள் என்ன செய்து கிழித்தாள்? லிப்ட்காரர் மேலும் கீழும் தேடினார். அவருக்கென்று எதுவும் இல்லை.

ஒருவேளை மகளுக்கு வைத்ததில் சேர்த்துச் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. அதைத் திறந்தார். கொஞ்சம் கேட்பார், 'உங்கப்பா' என்ற சொல் வராது, தள்ளிவிட்டு அடுத்ததைக் கேட்பார். அதிலும் வராது. எத்தனை மாதம் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டி, தலை துவட்டி, ஸ்பூனால் ஊட்டியிருக்கிறார். ராத்திரியில் அவள் இருமினால் அவருக்கு அல்லவா தூக்கிவாரிப் போட்டது. அதற்கு இதுதான் மரியாதையா? மகளுக்கு என்று இருந்ததை அப்படியே அழித்தார். நிரந்தரமாக அழிக்கவா என்று அது கேட்டது. ஆமாம் என்று ஓங்கி அமுக்கினார். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

திங்கள் முழுக்க யாரோடும் பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் அதைப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் பரிதாபம். செவ்வாய்க்கிழமை மிச்சத்தையும் ஒழித்துவிடுகிறேன் என்று போய் உட்கார்ந்தார். அமுக்கினார். ஒரு கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. அது பாதி போவதற்குள் அவருக்கு உறைத்தது. அடப்பாவி, அவளை இரண்டாவது தடவை எரிக்கிறேனே! நிறுத்துவதற்கு எதை அமுக்க வேண்டும் என்று தெரியவில்லை. கை தானாகச் சுவருக்குப் போய் பிளக்கைப் பிடுங்கியது.

"அப்பா, இங்க வாங்க!"

மகளின் குரலில் சந்தோஷம் இருந்தது. அவர் ஈரக் கையோடு ஓடினார்.

"அந்த முதல் பக்கத்தோட நகல் டிஸ்க்குக்குள்ளேயே அங்கங்க இருக்கும். அதுல ஒண்ணு நல்லா இருக்கு, அதை வச்சே திறந்துடலாம். இன்னும் ஒரே ஒரு வேலைதான். ஜர்னலை ஓட்டிவிட்டா முடிஞ்சுது."

"அது என்னது?"

"எந்த வேலையையும் செய்யுறதுக்கு முன்னாடி, என்ன செய்யப்போறோம்னு இது எழுதி வச்சுக்கும்பா. நடுவுல கரண்ட் போயிட்டா, திரும்பி வந்ததும் அதைப் பார்த்து, விட்ட வேலையை முடிச்சுடும். ஏதோ ஒண்ணு பாதியில நிக்குது. அதை முடிச்சுட்டாத் திறந்துடும்."

பாதியில் நிற்கும் வேலை எது என்று இந்த உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மகளின் விரல் பட்டனுக்குப் போனது.

"வேண்டாம்!"

அவள் திரும்பிப் பார்த்தாள். "நகல்தான்பா இது. ஏன் பதறுறீங்க?"

"கரண்ட் போகலைம்மா. நான்தான் பிடுங்கினேன்."

"எதுக்கு?"

"அழிச்சுக்கிட்டிருந்தேன். அம்மா பேசி வச்சதெல்லாம். எனக்குன்னு ஒண்ணுமே வைக்கலை அவ. கீழ்வீட்டுக்காரிக்கு இருக்கு, எனக்கு இல்லை. கோவத்துல செஞ்சுட்டேன். நடுவுல மனசு கேக்கலை."

மகளின் முகத்தில் ஈயாடவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"நீங்க இதைச் சொல்லலைன்னா நான் ஓட்டியிருப்பேன்" என்றாள் மெதுவாக. "உள்ளே காலியா வந்திருக்கும். டிஸ்க் கெட்டதுல எல்லாம் போயிடுச்சுன்னு நினைச்சுட்டுப் போயிருப்பேன்."

பிறகு வேறு ஏதோ டைப் செய்தாள். ஜர்னலைத் தொடாமல், எதையும் எழுதாமல், பார்ப்பதற்கு மட்டும் திறக்கச் சொல்கிறேன் என்றாள். திறந்தது. தங்கச்சிக்கு. வாசிப்பு மையத்துக்கு. கீழ்வீட்டுக்கு. எல்லாம் அப்படியே இருந்தன. லிப்ட்காரர் கை இரண்டையும் கூப்பிவிட்டார்.

மகள் மட்டும் மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தாள். "என்னோடது எங்கப்பா?"

"அதை முன்னாடியே, ஞாயித்துக்கிழமையே..."

அவள் கை கீபோர்டிலிருந்து விலகியது. "ஞாயித்துக்கிழமையா? நல்லா ஞாபகம் இருக்கா? அப்புறம் என்னைக்கு ஆன் பண்ணீங்க?"

"செவ்வாக்கிழமை. ஏன்? இதை எடுத்த மாதிரி அதையும் எடுத்துடலாம்ல?"

முடியாது போலிருக்கிறது என்று அவள் விளக்கினாள். வாரம் ஒரு தடவை, திங்கள் பிறந்ததும், அழித்த இடங்களையெல்லாம் இந்த வகை டிஸ்க் சுத்தமாகத் துடைத்துக்கொள்ளும். மிஷின் அணைந்திருந்தால் அடுத்து ஆன் செய்யும்போது அதுதான் முதல் வேலை; செவ்வாய்க்கிழமை அவர் ஆன் செய்ததுமே அது நடந்து முடிந்திருக்கும். "நான்தான் அப்படிப் போட்டுக் கொடுத்தேன். மிஷின் வேகமா ஓடட்டும்னு" என்றாள்.

இருந்தாலும் விடவில்லை. சாயங்காலம் வரைக்கும் தலைகீழாக நின்று பார்த்தாள். பெயர் போனாலும் குரலின் துண்டாவது கிடைக்காதா என்று டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் துழாவினாள். அவளுக்கு வேண்டிய இடத்தில் திரை முழுக்கப் பூஜ்ஜியம், அதற்கடுத்த திரையிலும் பூஜ்ஜியம். சாப்பிடக் கூப்பிட்டதற்கு எரிந்து விழுந்தாள். லிப்ட்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில், கிடைத்ததாவது சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சித்திக்கு வைத்ததில் ஒன்றை ஓடவிட்டாள். போர்வை தொங்கும் அந்த அறையில் அம்மாவின் குரல் வந்தது. தங்கச்சியிடம் ஏதோ பழைய சண்டையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் கதவைத் தட்டும் சத்தம். "வெந்நீர் ஆறிடும், வர்றியா இல்லையா?" என்று ஒரு ஆண் குரல். அவருடைய குரல்தான். "இருங்க, இருங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் மைக்கின் பக்கம் திரும்பி, "இந்த மனுஷன் கதவை விட்டு நகரவே மாட்டார்டி. இவருக்குத் தனியா எதைப் பேசி வைக்கிறது, எல்லாம்தான் இங்கயே நின்னு கேட்டுக்கிட்டிருக்காரே" என்றாள்.

லிப்ட்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மகள் அவர் முதுகில் கை வைத்தாள். அவளுக்கும் அழ வேண்டும் போலிருந்தது, ஆனால் அவளுக்குக் கேட்க எதுவும் இல்லை. அவர் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அப்பா, என்னோடதை நீங்க கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"அப்போ நீங்க சொல்லுங்க. அம்மா என்ன சொன்னா?"

நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆரம்பம் நன்றாகவே நினைவிருந்தது.

"'பாப்பா, சாப்பிட்டியா? சாப்பிடலைன்னா முதல்ல போய்ச் சாப்பிட்டுட்டு வந்து கேளு. நான் எங்கயும் போக மாட்டேன்.' இப்படித்தான் ஆரம்பிச்சா."

மகள் சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது. "அப்புறம்?"

அப்புறம் என்ன? எதையோ பற்றிப் பேசினாள். அந்த இடத்தில்தான் அவர் தள்ளிவிட்டார். இத்தனை வருஷம் கூடவே குடும்பம் நடத்தியவருக்கு அவள் பேச்சு எப்படிப் போகும் என்று தெரியாதா? இட்டுக்கட்டிச் சொன்னால் மகள் நம்புவாள். ஒரு ராத்திரி முழுக்கச் சொல்லலாம், அவளும் நிம்மதியாக ஊர் போய்ச் சேருவாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அப்புறம் நான் கேக்கலைம்மா" என்றார். "'உங்கப்பா'ன்னு எங்கயாவது சொல்றாளான்னுதான் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். வேற எதுவும் காதுல வாங்கலை."

மகள் தலையை ஆட்டிக்கொண்டாள். கீழ்வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"சரி, தெரிஞ்சதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் சொன்னார். சாப்பிட்டியா என்று கேட்டாள், அது நிச்சயம். ஆனால் இந்தத் தடவை சொல்லும்போது, 'முதல்ல போய்ச் சாப்பிட்டுட்டு வா' என்றாளா, 'போய் முதல்ல சாப்பிடு' என்றாளா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.