வசந்தாவின் முறை

ஆவடி டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஜேம்ஸுக்கும் வசந்தகுமாரிக்கும் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீடு கிடைத்திருந்தது. இருவருக்கும் சொந்த ஊர் நாசரேத். கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. அவன் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவள் அம்பத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

தொண்ணூற்றொன்று கிறிஸ்துமஸுக்குக் கப்பலில் வேலை பார்த்த வசந்தாவின் தம்பி வந்தபோது ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போனான். உள்ளே சேகா கம்பெனியின் டி.வி. கேம் இருந்தது. மாஸ்டர் சிஸ்டம் என்று அதற்குப் பேர். கூடவே கார் பந்தயக் கேசட் ஒன்று.

"பிள்ளையளு விளையாடுத சாமான நமக்கு எதுக்குக் குடுத்துட்டுப் போயிருக்கான்?" என்று வசந்தா முதல் நாள் முகத்தைச் சுளித்தாள். நான்காம் நாள் டியூட்டி முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றிய கையோடு டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

ஒருவர் ஆட வேண்டும், மூன்று கார் எரிந்து போனதும் மற்றவர் முறை. வசந்தாதான் கெட்டிக்காரி. குழந்தையின் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றுகிற விரல்களாயிற்றே, எந்த வளைவிலும் பதறாது. ஜேம்ஸ் பதறுவான். எதிரே லாரி வந்தால் உடம்போடு சாய்வான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்த இயந்திரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைக்கும் பொத்தான் கையில் பிடிக்கிற கட்டையில் இல்லை, பெட்டியின் தலைமேல் இருந்தது. ஆடுகிறவருக்கு அது எட்டாது. ஆகவே முறை இல்லாதவர் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் வசந்தா "நிறுத்துங்க!" என்று கத்துவாள், அவன் அமுக்குவான், அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். ஜேம்ஸ் ஆடும்போதோ, அவன் கேட்காமலேயே, சரியாக வளைவின் நடுவில் அமுக்குவாள். அவன் நிலை தடுமாறி அவளைத் திட்டுவான். கீழ்வீட்டார் இரண்டு முறை கூரையைத் துடைப்பக் கட்டையால் தட்டியிருக்கிறார்கள்.

தொண்ணூற்று மூன்றில் நாசரேத்தில் வசந்தாவின் அப்பா படுத்த படுக்கையானார். கல்யாணம் ஆக வேண்டிய தங்கைகள் இருவர். மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நர்சுகள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. வசந்தா போய்ப் பேசிவிட்டு வந்தாள். வேலை கிடைத்துவிட்டது என்று அவள் சொன்னபோது ஜேம்ஸ் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டே வருசம். போய்ட்டு வரட்டா?" என்றாள்.

"போய்ட்டு வா" என்றான். அவ்வளவுதான் பேச்சு. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையாட்டினாள். அவன் மின்சார ரயில் மாறி மாறி ஆவடிக்கு வந்து சேர்ந்தான்.

பிறகு அவன் தனியாக அந்தப் பெட்டியில் ஆடிப் பார்த்தான். குக்கர் விசில் அடித்தது. கட்டையைப் போட்டுவிட்டுத் தவழ்ந்து போய்ப் பொத்தானை அமுக்குவதற்குள் கார் எரிந்துவிட்டது. இரண்டு மூன்று நாள் அப்படியே நடந்தது. ஒரு துண்டை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டான்.

அவனோடு ஒரே பெஞ்சில் வேலை பார்த்த தேவராஜ் பக்கத்துச் சேக்காட்டுக்காரன். "இன்னா மாமே, ஊட்ல ஒண்டியா குந்திகினு இன்னாத்த பண்றே?" என்று அடிக்கடி கேட்பான். ஜேம்ஸ் துணி துவைப்பதையும் சர்ச்சுக்குப் போவதையும் சொல்லுவான். சாயங்காலம் ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் என்ன செய்கிறான் என்பது அவனுக்கே தெரியாது.

மறு வருடம் ஜூலையில் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் பார்சல் கொண்டுவந்து கொடுத்தார். கறுப்பாகப் பளபளவென்று ஒரு பெட்டி, மேலே தங்க எழுத்தில் பதினாறு என்ற எண். அதே சேகா கம்பெனி, கூடவே புதுக் கார் பந்தயக் கேசட் ஒன்று. இதன் பேர் மெகா டிரைவ். வசந்தாவின் கடிதமும் இருந்தது. "கடையில நம்ம பெட்டியோட கம்பெனிப் பேரப் பாத்தேன். பாத்ததும் வாங்கிட்டேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து, எது நல்லா இருக்குன்னு எழுதுங்க. விலாவாரியா எழுதணும். நாலு வரில முடிக்கக் கூடாது."

ஜேம்ஸ் கடிதம் எழுதுவதில் கஞ்சன். ஆனால் ஒன்றைச் சோதித்து எழுதச் சொன்னால் அது அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, துண்டை எடுத்துவிட்டு, இரண்டு பெட்டிகளையும் பாயில் வைத்தான். இரும்பு ஸ்கேலால் அளந்தான். முதலில் பழையது, பிறகு புதியது, மறுபடி பழையது என்று டி.வி. வயரை மாற்றி மாற்றிச் செருகிச் சாயங்காலம்வரை ஆடிப் பார்த்தான். வெளிநாட்டுக்கு எழுதுகிற ஏரோகிராமின் மூன்று பக்கமும் நிரம்பியது.

"பழையது எட்டு பிட்டாம், புதியது பதினாறு பிட்டாம். தேவராஜிடம் கேட்டேன், ரெண்டு மடங்கு மாமே என்கிறான், அதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை. ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. பழையதில் மலை ஒரே பச்சை. புதியதில் மலைக்குப் பின்னால் இன்னொரு மலை, அது மெதுவாக நகருகிறது. பழையதில் சத்தம் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி. புதியதில் எஞ்சின் உறுமுவது நெஞ்சில் கேட்கிறது. முன்பக்கம் ஹெட்போன் செருக ஓட்டை இருக்கிறது, கீழ்வீட்டாருக்கு இனி தொந்தரவில்லை. நிறுத்துகிற பொத்தான் கையிலேயே இருக்கிறது. யாரும் பக்கத்தில் உட்கார வேண்டாம். பழைய கேசட் இதில் நுழையாது, அதற்குத் தனியாக ஒரு சாமான் வாங்க வேண்டுமாம். நீ அனுப்பிய கேசட் கரண்டை அணைத்தாலும் யார் எத்தனை எடுத்தார்கள் என்று பேரோடு ஞாபகம் வைத்துக்கொள்கிறது. எல்லா விதத்திலும் புதியதுதான் மேல்."

கடைசி வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடாமல் வைத்திருந்தான். வேறு ஏதோ சேர்க்க வேண்டும்போல் இருந்தது. இடமும் இல்லை. நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டிவிட்டான்.

அதன்பின் சாயங்காலங்கள் ஒரு மாதிரி ஓடின. ஹெட்போனை மாட்டினால் வெளியே ஒரு சத்தமும் கேட்காது. குக்கர் கூடக் கேட்காது. இரண்டு முறை சோறு அடிப்பிடித்தது. ஆட்டம் முடிந்ததும் திரையில் பத்துப் பேர் கொண்ட பட்டியல் வரும். நல்ல ஓட்டம் ஓடியவர் மூன்று ஆங்கில எழுத்தில் தன் பேரைப் பதிக்கலாம். ஒரு மாதத்தில் பத்து இடத்திலும் ஜே, ஏ, எம் என்று அவன் பேரே நின்றது. மேலிருந்து கீழாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், அடுத்த ஆட்டத்தை அவள் முறை என்று வைத்துக்கொண்டான்.

சாயாமல், பதறாமல், அவள் ஓட்டுவது மாதிரியே ஓட்டிப் பார்த்தான். லாரி வந்தபோது உதட்டை உள்ளே மடித்துக்கொண்டான், அவள் அப்படித்தான் செய்வாள். நான்காவது இடம் வந்தது. வி, ஏ, எஸ் என்று பதித்தான். அன்றிலிருந்து அவனுக்கு ஓர் ஆட்டம், அவளுக்கு ஓர் ஆட்டம். தன் முறையில் அவன் பழையபடி எரிந்து போனான். அவள் முறையில் நன்றாக ஓடினான். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற விஷயமா அது?

தொண்ணூற்றைந்து ஆகஸ்டில் வசந்தா ஒரு மாத விடுமுறையில் வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். நாசரேத்துக்குப் போய் அப்பாவைப் பார்த்து, இரண்டாவது தங்கை கல்யாணத்தை முடித்துவிட்டு வந்தபோது ஆவடிக்கென்று பதினொரு நாள்தான் மிச்சம். முதல் மூன்று நாள் தூங்கினாள். டி.வி.க்கு முன்னால் அவளை உட்கார வைக்க வேண்டும் என்று ஜேம்ஸ் நினைப்பான். அவள் கண்ணைக் கசக்கினால் விட்டுவிடுவான்.

ஐந்தாம் நாள் காலை ஷிப்ட் முடிந்து அவன் வந்தபோது டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வசந்தா கட்டையைக் கையில் பிடித்தபடி ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். திரையில் பட்டியல்.

"யாரு இது வாஸ்?" என்றாள். குரலில் ஏதோ இருந்தது. "முதல் ஆறு இடமும் அந்த ஆளுதான். யாரு வந்து உங்ககூட விளையாடுதா?"

"யாரும் வரல்ல."

"பின்ன?"

ஜேம்ஸ் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தான். அவளைப் பார்க்காமல், திரையையும் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். "உன் பேருதான். உன் முறையையும் நானே ஆடிட்டேன்."

அவள் கட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, "இத்தன நாளுமா?" என்றாள்.

"ம்."

"எனக்கு இவ்வளவு நல்லா ஓட்ட வராது."

"வரும். நீதான் நல்லா ஓட்டுவ."

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்த பின்னும் போட்டுக்கொள்ளவில்லை. "ஒண்ணு சொல்லணும், கோவப்படக் கூடாது" என்றாள். "வாரதுக்கு முன்னாடியே இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். வந்த அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன்."

கீழே ஆட்டோ ஒன்று திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. ஜேம்ஸ் போய்க் கை கழுவினான். சோப்புப் போட்டும் விரலிடுக்கு எண்ணெய்க் கறை போகவில்லை. மறுபடி போட்டான்.

"சரி" என்று குழாயடியில் நின்றபடியே சொன்னான்.

"இந்தச் சரிதான்!" அவள் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்கும் போய்ட்டு வான்னிய. இன்னைக்கும் சரின்னு சொல்லுதிய. வேண்டாம்னு ஒரு வார்த்த உங்க வாயில வராதா?"

"சொன்னா நின்னுருவியா?"

வசந்தா கதவை விட்டு அடுப்படிக்குப் போனாள். அடுப்பில் பால் வைத்தாள். அது பொங்குகிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்ச ஆறு நாளும் இருவரும் ஒருவரிடம் ஒருவர் மிகவும் நல்லபடியாக நடந்துகொண்டார்கள். பூந்தமல்லிக்குப் போய் அவனுக்கு இரண்டு சட்டை எடுத்தார்கள். ஒரு சாயங்காலம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தார்கள். அவள் மஸ்கட் வெயிலைப் பற்றிப் பேசினாள், அவன் தொழிற்சாலையில் வந்த புது லேத் மெஷினைப் பற்றிப் பேசினான். இரண்டு பெட்டிகளில் எதையும் யாரும் தொடவில்லை.

அவளை அனுப்பிவிட்டு வந்த மறுநாள் ஜேம்ஸ் ஏரோகிராம் வாங்கினான். எழுதுவதற்கு நான்கு நாள் ஆயிற்று. எழுதியது மூன்று வரி. "வசந்தா, அன்று சொல்லாததை இப்போது சொல்லுகிறேன். நீ போனது எனக்குப் பிடிக்கவில்லை. வந்துவிடு." ஆவடி தபாலாபீஸ் பெட்டியில் போட்ட பிறகு, உள்ளே விழுந்ததா என்று பெட்டியின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தான்.

பதில் இருபத்தாறாம் நாள் வந்தது. வார்டு மாறியிருக்கிறது, ஹாஸ்டலில் தண்ணீர்க் கஷ்டம், மூத்த தங்கை முழுகாமல் இருக்கிறாள், அப்பாவுக்கு மருந்து வாங்கி அனுப்புங்கள் என்று கடைசிவரை போனது. அவன் எழுதியதற்குப் பதில் எங்கும் இல்லை. மடிக்கிற ஓரத்தில் மட்டும், கையெழுத்துக்குப் பின்னால், பொடி எழுத்தில் ஒரு வரி: "உங்க லெட்டர நிறைய தரம் வாசிச்சேன்."

அவள் இரண்டு வருடத்தையும் முழுக்க முடித்துத்தான் வந்தாள். அதுவரை மாதம் ஒன்றாக அவன் எழுதிய கடிதங்கள் நீண்டுகொண்டே போயின. மழை, ஷிப்ட், தேவராஜ், மாமனாரின் மருந்து என்று எல்லாம் எழுதினான். வந்துவிடு என்று மட்டும் மறுபடி எழுதவில்லை. ஒருமுறை சொல்லியாகிவிட்டது, அது அவளிடம் இருக்கிறது என்று இருந்தான்.