மூன்றாவது மாடியின் கருவளையம்

எங்கள் தேகு நகரத்தில், பன்வோல்தாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஒரே கட்டடத்தில் நான்கு தோல் மருத்துவமனைகள். மூன்றாவது மாடியிலிருந்து ஆறாவது மாடி வரை, மாடிக்கு ஒன்று. இரண்டாவது மாடியில் மட்டும் ஒரு கண் டாக்டர். அவரிடம் கூட்டம் இருக்காது.

லிஃப்டுக்குள் ஆளுயரக் கண்ணாடி, தலைக்கு நேர் மேலே வெள்ளை விளக்கு. தரைத்தளத்தில் நலமாக ஏறுகிறவர்கள் மூன்றாவது மாடி வருவதற்குள் நோயாளியாகிவிடுவார்கள். ஆறாவது மாடி வரை போனவர்களுக்குப் பேரம் பேசக்கூடத் தெம்பு இருக்காது.

மூன்றாவது மாடி மருத்துவமனையின் ஆலோசகர் ஓக் மிரான். வயது நாற்பத்து மூன்று. ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, வந்தவர்களின் முகத்தைப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கி, இது மங்கு, இது வெயில் புள்ளி, இது பிள்ளை பெற்றதால் வந்தது, இது பிள்ளையால் வந்தது என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. டாக்டர் குக் மூன்று நிமிடம்தான் பார்ப்பார். மிரான் நாற்பது நிமிடம் பேசுவாள். பத்து முறை லேசருக்கு எழுதிக்கொண்டால் ஒரு முறை இலவசம் என்பது நாற்பதாவது நிமிடத்தில் வரும்.

ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"மிரான், கோவிச்சுக்காதீங்க. போன வாரம் ஒரு அம்மா உங்ககிட்டப் பேசிட்டு நேரா நாலாவது மாடிக்குப் போயிட்டாங்களாம். 'அந்தப் பொண்ணுக்கே கண்ணு அடுப்புக்கரி மாதிரி இருக்கு, இவங்க எனக்கு என்னத்தப் போக்கப் போறாங்க'ன்னு கேட்டாங்களாம்."

"தூக்கம் பத்தல டாக்டர். நீங்க ராத்திரியெல்லாம் குரூப்ல மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்கீங்க."

"சரி, தூங்குங்க. ஆனா செப்டம்பரோட உங்க ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ள கண்ணு வெளுக்கணும். நம்ம மெஷின்லயே வெளுக்கட்டும். முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம் எடுத்து லிஃப்டுக்குள்ள ஒட்டிடலாம். வெளுக்கலேன்னா, நான் வேற ஆளத்தான் பார்க்கணும்."

இந்த வயதில், கண்ணுக்குக் கீழே இந்த இருட்டோடு, மேலே உள்ள மூன்று மாடியிலும் மிரானைச் சேர்க்கமாட்டார்கள். வேறு தொழிலும் தெரியாது. முகம் கழுவிவிட்டுப் படம் எடுக்கப் போனாள்.

நர்ஸ் தாசோம் கேமராவைச் சரிசெய்தபடி கேட்டாள்: "அக்கா, மேக்கப் எதுவும் இல்லையே?"

"இப்பத்தானே கழுவிட்டு வரேன். வெறும் முகம்தான்."

இதில் பொய் இல்லை. கழுவிய பிறகு அவள் பூசியது வெறும்முக கிரீம் மட்டும்தான். ஒன்றும் பூசாததுபோல் தெரிவதற்காகப் பூசுகிற கிரீம் அது. குப்பை கொட்டப் போகும்போதும் பூசுவோம், பொதுக் குளியல் இல்லத்திலிருந்து திரும்பும்போதும் பூசுவோம். எங்கள் ஊரில் யாரும் அதை மேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை. தாசோமும் சேர்க்கவில்லை. அவள் முகத்திலும் அதே கிரீம்தான் இருந்தது. படம் பளிச்சென்று வந்தது. எடுத்தவளும் நின்றவளும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு சிகிச்சை தொடங்கியது. வாரம் ஒரு லேசர். பள்ளத்தை நிரப்ப ஓர் ஊசி. இரத்தத்தில் வைட்டமின். காரணம் மட்டும் ஆளுக்கொன்றாகக் கிடைத்தது. தாசோம் சிறுநீரகம் என்றாள். மிரானின் அக்கா, விவாகரத்து என்றாள். டாக்டர் குக், இன்னும் ஐந்து முறை லேசர் குறைகிறது என்றார்.

ஆறாவது வாரம் கண்கள் வீங்கிக்கொண்டு அரித்தன. லிஃப்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மிரான் படிக்கட்டு வழியே இரண்டாவது மாடிக்கு இறங்கினாள்.

கண் டாக்டர் சூவின் இரண்டு கன்னத்திலும் பெரிய மங்கு. ஞாயிறுதோறும் பல்கோங் மலை ஏறுகிறவர். அவருக்கு அது இருப்பதே தெரியாது போலிருந்தது.

"கண்ணச் சுத்தி தினம் என்ன போடுறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். பசை மட்டும்தான்."

"என்ன பசை?"

"இமைல மடிப்பு விழறதுக்குப் போடுவோமே, அது. எல்லாரும் போடுறதுதானே."

"எத்தன வருஷமா?"

"கல்லூரில சேர்ந்ததிலேர்ந்து. இருபத்து நாலு வருஷம் ஆச்சு."

"ராத்திரி அத எப்படி எடுப்பீங்க?"

"பஞ்சுல எண்ணெய் தொட்டுத் தேய்ச்சு எடுப்பேன். நல்லா போகாது, அழுத்தித் தேய்க்கணும். அப்புறம் அரிக்கும். அரிச்சா கொஞ்சம் கசக்குவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு அந்தப் பசை ஒத்துக்கல. கண்ணச் சுத்தி இருக்கிற தோல் காகிதம் மாதிரி. அத நீங்க இருபத்து நாலு வருஷமா பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சிருக்கீங்க. புண்பட்ட தோல் கறுக்கத்தான் செய்யும். பசைய விடுங்க. லேசர் வேணாம், கிரீம் வேணாம். வெயில்ல போனா அகலமா ஒரு தொப்பி. கசக்காம இருந்தா மூணு மாசத்துல மெல்ல மெல்லத் தெளியும். அந்தப் பள்ளம் உங்க எலும்போட அமைப்பு, அதோட நிழல் கொஞ்சம் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

"அவ்வளவுதானா டாக்டர்?"

"சொட்டு மருந்து எழுதியிருக்கேன்."

"பத்து முறைக்குச் சேர்த்து எதுவும் இல்லையா?"

"பாட்டில் வேணா ரெண்டா வாங்கிக்குங்க."

இவ்வளவு மலிவான வைத்தியத்தை நம்புவதா என்று மிரானுக்குச் சந்தேகம்தான். ஆனால் அரிப்பு தாங்கவில்லை. பசையை விட்டாள், கிரீமை விட்டாள், வயிற்றுவலி என்று லேசரிலிருந்தும் நழுவினாள்.

ஆகஸ்ட் கடைசியில் இரண்டாவது படம் எடுக்கும் நாள் வந்தது. மிரான் பிறந்த முகத்தோடு வந்து நின்றாள். இமையில் மடிப்பில்லை. வீக்கம் முழுதும் வடியவில்லை. தாசோம் இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா... இதுல எது முன்னாடி, எது பின்னாடி?"

ஜூன் மாத மிரான் கழுவிய பீச் பழம்போல் இருந்தாள். ஆகஸ்ட் மாத மிரான் மூன்று நாள் விற்காத மீன்போல் இருந்தாள். டாக்டர் குக் வந்து, உடைந்த எலும்பைத் தேடுகிறவர்போல் வெகுநேரம் பார்த்தார்.

"மாத்தி ஒட்டு," என்றார்.

"டாக்டர், அது பொய்யில்லையா?" என்றாள் மிரான்.

"ரெண்டும் நீங்கதானே? தேதி எதுவும் போடலையே."

படம் லிஃப்டுக்குள் ஏறியது. இடப்பக்கம் மீன், வலப்பக்கம் பீச் பழம்.

மறுநாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவள் கூ பன்சுக். சந்தையில் ஆப்பிள் விற்கிறவள். வெயில் அவள் முகத்தில் நாற்பது வருடம் குடியிருந்திருந்தது. அவள் மிரானையே உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா, லிஃப்ட்ல இருக்கிறது நீதானா?"

"நான்தான் அக்கா."

"வலது பக்கத்துல இருக்கிறவளும் நீதான்?"

"ஆமா."

"அப்ப என் முன்னால ஏன் இடது பக்கத்துக்காரி உட்கார்ந்திருக்கா?"

தடுப்புக்கு அந்தப்பக்கம் டாக்டர் குக்கின் நாற்காலி கிறீச்சிட்டது. ஒப்பந்தம் முடிய நான்கு வாரம்தான். சிகிச்சை நிற்கும்போது இப்படிச் சற்றே திரும்பும், இன்னும் ஐந்து முறை எடுத்தால் சரியாகும் என்று சொல்ல நாற்பது நிமிடப் பேச்சில் மிரானுக்கு ஆயிரம் வாக்கியம் தெரியும். ஆனால் இரவெல்லாம் நினைத்து நினைத்து அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"படத்த மாத்தி ஒட்டியிருக்கு அக்கா. அழகா இருக்கிறது ஜூன்ல எடுத்தது. அப்ப கிரீம் பூசியிருந்தேன். அசிங்கமா இருக்கிறது நேத்து எடுத்தது. லேசர் எனக்கு ஒண்ணும் செய்யல."

கூ பன்சுக் தொடையில் தட்டிச் சிரித்தாள். தாசோம் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"இருபது வருஷமா இந்தக் கட்டடத்துல ஏறி இறங்கறேன். உண்மை பேசின ஒரே ஆளு நீதான்டி! உன்கிட்டதான் செஞ்சுக்குவேன். பத்து எழுது."

"உங்களுக்கும் வேணாம் அக்கா. அகலமா ஒரு தொப்பி, தினம் சன்ஸ்கிரீன், அதுவே..."

"பாரு பாரு, வேணாம்னு வேற சொல்றா! இவள நம்பாம யார நம்பறது? இருபதா எழுது!"

மதியத்துக்குள் ஆப்பிள் வரிசை முழுதும் விஷயம் போய்ச் சேர்ந்தது. மாலைக்குள் மீன் வரிசைக்கும். மூன்றாவது மாடியில் உண்மை பேசுகிற ஒருத்தி இருக்கிறாளாம், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதாம். நாலாவது மாடிக்குப் போனவர்கள் படியிறங்கி வந்தார்கள். மிரான் ஒவ்வொருவரிடமும் வேண்டாம் என்றாள். ஒவ்வொருவரும் கூடுதலாக எழுதிக்கொண்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் டாக்டர் குக் புதிய ஒப்பந்தத்தை அவள் முன் வைத்தார். சம்பளம் கூடியிருந்தது. கடைசியில் ஒரு வரியும் கூடியிருந்தது.

"இது என்ன டாக்டர்?"

"உங்க கண்ணு இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும். அத நம்பித்தான் வர்றாங்க. லேசர் பக்கமே போகாதீங்க."

மிரான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் கண் டாக்டர் சூ சொன்னது சரியாக இருந்தது. சூசோக் அறுவடைத் திருநாள் விடுமுறை முடிந்து அவள் திரும்பி வந்தபோது தாசோம் ஓடிவந்து அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"ஐயோ அக்கா! தெளிஞ்சு போச்சே! இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

அன்று மூன்று பேர் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். ஒருத்தி நாலாவது மாடிக்கே போய்விட்டாள். டாக்டர் குக் அறை வாசலில் நின்று மிரானின் கண்ணைப் பார்த்தார், பிறகு நாள்காட்டியைப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து மிரான் வேலைக்குக் கால் மணி நேரம் முன்பே வந்தாள். இரண்டாவது மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில், ஜன்னலோரமாக நின்று, கைக்கண்ணாடியைப் பார்த்தபடி, கண்ணுக்குக் கீழே பழுப்பு நிறத்தை வரைந்து விரலால் தேய்த்துப் பரப்பினாள். வரைந்தது தெரியாமலிருக்க நன்றாக அழுத்தித் தேய்க்கவேண்டியிருந்தது. எட்டாவது நாள் அரிக்கத் தொடங்கியது. கொஞ்சம் கசக்கினாள்.

டாக்டர் சூ தன் கதவைத் திறக்கச் சாவியோடு படியேறி வந்தவர், அவளைக் கண்டு நின்றார்.

"என்னம்மா, மறுபடி சிவந்திருக்கே. கண்ணச் சுத்தி என்ன போடுறீங்க?"

மிரான் கைக்கண்ணாடியைப் பைக்குள் போட்டாள்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். வெறும் முகம்தான்."