நொட்டாங்கையின் அக்கா

பஸ் கண்டக்டர் அக்காவின் குரல் கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும். அன்று அந்தக் குரல் சலூனுக்குள் நுழைந்தது.

"ஏண்ணே, என் தம்பியை உள்ள தள்ளிட்டு உங்களுக்கு எப்படித் தூக்கம் வருது?"

இடது கையால் எழுதி, அதற்காக இரண்டு கையிலும் அடி வாங்கிய தம்பியைத் தெருவே 'நொட்டாங்கை' என்றுதான் கூப்பிடும். எதிர்ப்பக்கத்து செல்போன் கடைக்காரரை ஒருவன் இரும்புக் கம்பியால் அடித்துவிட்டு ஓடினான். ஹெல்மெட் போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. "கம்பி இடது கையில இருந்துச்சு" என்று கோர்ட்டில் சொன்னவர் இந்த சலூன்காரர். நொட்டாங்கை முந்தின வாரம்தான் அந்தக் கடைக்காரரின் சட்டையைப் பிடித்திருந்தான். போதாதா? ஏழு வருஷம்.

சலூன்காரர் கெட்டவர் இல்லை. அதுதான் அக்காவுக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

"பார்த்ததைத்தாம்மா சொன்னேன்," என்றார், நுரை பூசிய ஒருவரின் தாடையில் கத்தியை இழுத்தபடி.

"முதல்ல என் மூஞ்சியைப் பார்த்துப் பேசுங்க!"

"பார்த்துக்கிட்டுதானேம்மா இருக்கேன்."

முதுகைக் காட்டிக்கொண்டு என்ன பார்வை! வாய்வரை வந்த வசவு அங்கேயே நின்றது. எதிர்ச் சுவரில் கண்ணாடி. அதற்குள்ளிருந்து அவர் அவளைத்தான் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அவனையும் இப்படித்தான் பார்த்தீங்களா?"

"பின்னே? ஒருத்தர் தொண்டையில கத்தியை வச்சுக்கிட்டுத் திரும்பவா முடியும்?"

அக்கா வலது கையால் டிக்கெட் பையைத் தூக்கினாள். "பை எந்தக் கையில இருக்கு?"

"இடது கையில."

சொன்ன பிறகுதான் திரும்பினார். பாதி நுரையோடு நாற்காலிக்காரரும் திரும்பினார்.

"அம்மா... இதை யாரும் என்கிட்ட கேக்கவே இல்லையேம்மா."

"கேக்க வைக்கிறேன். வந்து சொல்வீங்களா? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். இப்பவே கிளம்பவா?"

"முதல்ல அந்த மனுஷனோட இன்னொரு கன்னத்தை முடிங்க."

மேல்முறையீட்டில் கண்ணாடியே கோர்ட்டுக்கு வந்தது. நீதிபதி பேனாவைத் தூக்கிக் காட்ட, கண்ணாடியில் பார்த்த சலூன்காரர் "இடது" என்றார். நீதிபதி தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதலையான நொட்டாங்கை ஜெயில் வாசலில் வியந்தான். "எப்பேர்ப்பட்ட மூளைக்கா அந்த வக்கீலுக்கு!"

சலூன்காரர் முந்திக்கொண்டார். "வக்கீலா? கண்டுபிடிச்சதே உங்க அக்காதான் தம்பி!"

தம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தான். மற்ற நாளாக இருந்தால் 'என்னடா முறைக்கிற' என்றிருப்பாள். அன்று கைதான் முந்தியது. நல்லவேளை, டூட்டியிலிருந்து நேராக வந்திருந்தாள். யூனிஃபார்முக்குக் காலர் உண்டு. இரண்டு கையாலும் தூக்கிவிட்டுக்கொண்டாள்.