எப்படிப்பட்ட மனிதர்

சாபிரா வெள்ளைத் துணியைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை யார் எடுத்துப் போனார்களோ தெரியவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பாஸ்டர் வீட்டில் செத்தவருக்கு மரியாதை செய்யக்கூடத் தெரியவில்லை என்று ஊர் பேசும். ஊர் பேசுவதற்கு ஏற்கெனவே நிறைய இருந்தது.

முற்றத்தில் போட்டிருந்த கம்பளிக் கூடாரத்துக்குள், ஆண்கள் பக்கத்தில், ஒரு திரைக்குப் பின்னால் அவள் கணவர் பாஸ்டர் துராத்பெக்கின் உடல் கிடந்தது. வெளியே மகன் எமில் துக்க வழக்கப்படி இடுப்பில் கச்சை கட்டி, ஊன்றுகோலில் சாய்ந்து, வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தான். பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொன்னார்கள். சாபிராவும் சொன்னாள். மலை சாய்ந்தது, குதிரை தனியாக வந்தது என்றெல்லாம் வாய் தானாகச் சொல்லியது. மனசு அதில் இல்லை. கணவர் கடைசியாகக் கேட்ட ஒன்றை அவள் இன்னும் செய்யவில்லை. செய்வதா வேண்டாமா என்பதும் தெரியவில்லை. பிணத்தை எடுக்க நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

இறந்த அன்று காலையில் கேட்டார். ஈரல் கெட்டு, உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து, தலையணையோடு தலையணையாகக் கிடந்தார். அவள் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"சாபிரா, என்னை எடுக்கறதுக்கு முன்னாடி அண்ணன் முற்றத்துல நின்னு கேட்பாருல்ல, இவன் எப்படிப்பட்ட மனுஷன்னு."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? இதைக் குடிங்க."

"எல்லாரும் ஒரே குரல்ல நல்ல மனுஷன்னு சொல்லிடுவாங்க. நம்ம சபைக்காரங்கதான் முந்திக்கிட்டுச் சொல்வாங்க. நான் அப்படித்தானே பழக்கி வெச்சிருக்கேன். விட்டுடாதே. என்னால நொந்தவங்க சொல்லட்டும். அசான்காதிர் சொல்லட்டும்."

"ஊர் முன்னாடியா? அவனைக் கூப்பிட்டு விடறேன். தனியா மன்னிப்புக் கேட்டுக்கோங்க."

"தனியா கேட்டா அது எனக்கு வசதி. வெளிய போன்னு அவனைத் தனியாவா சொன்னேன்?"

அவள் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். உடம்பு தேறட்டும், நீங்களே சபையில் எழுந்து சொல்லுங்கள் என்றாள். தேறாது என்பது இருவருக்கும் தெரியும். மத்தியானம் நாக்குக் குழறிவிட்டது. இருட்டுவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. சரி என்று அவள் சொல்லவே இல்லை.

அசான்காதிர் விஷயம் ஒரு எலும்பில் ஆரம்பித்தது. ஆட்டுக்கறி வெந்ததும் எந்தத் துண்டு யாருக்கு என்பதில் இந்த மலைப்பக்கத்தில் யாரும் விளையாட மாட்டார்கள். இடுப்பெலும்பு மூத்தவருக்கு. விலா எலும்பு கடைக்கோடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு. கிறிஸ்தவ வேதம் வந்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. சபை கூடியது துராத்பெக்கின் வீட்டுப் பெரிய அறையில். எனவே அறுவடை விருந்து, கிறிஸ்துமஸ் விருந்து எல்லாவற்றிலும் இடுப்பெலும்பு அவர் தட்டுக்கே போனது. அவரும் நல்ல பசிக்காரர். கறி பங்கிடும் வேலை உதவி பாஸ்டரான அசான்காதிருடையது. மற்றவர்களும் பிரசங்கம் செய்யட்டும், நீங்கள் தனியாக முடிவெடுக்காமல் நாலு பேரைக் கேளுங்கள் என்று அவன் பாஸ்டரிடம் பல மாதங்களாக மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அவர் அவன் முதுகில் தட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

உருளைக்கிழங்கு தோண்டி முடித்த விருந்தன்று, சிறையிலிருந்து வந்த ஜேன்பாய் என்பவன் முதல்முறையாகச் சபைக்கு வந்து, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அசான்காதிர் இடுப்பெலும்பை அவன் முன்னால் வைத்தான். பாஸ்டருக்கு விலா எலும்பு வந்தது.

"இது யாரு வேலை?" என்று துராத்பெக் கேட்டார்.

"உங்க போன வாரப் பிரசங்கத்தோட வேலை, பைகே. கடைசியில இருக்கறவனை முன்னாடி வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றான் அசான்காதிர். அவன் எல்லா மூத்தவர்களையும் போல அவரையும் பைகே என்றுதான் கூப்பிடுவான்.

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. என் வீட்டில் எனக்கே பாடம் எடுக்கிறாயா, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பு என்று துராத்பெக் சொன்னார். அசான்காதிரின் பிள்ளைகள் வாயில் கறியோடு எழுந்தார்கள். ஜேன்பாயும் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு அவர்கள் பின்னால் போனான். அறையில் இருந்த அத்தனை பேரும் அவரவர் கிண்ணத்தைப் பார்த்தார்கள். சாபிரா எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு சபையில் யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பாஸ்டர் சொன்னால் சரிதான் என்பார்கள். துராத்பெக் அதை ஐக்கியம் என்று நினைத்துக்கொண்டார். சில வருஷம் அப்படியே ஓடியது. படுக்கையில் விழுந்த பிறகுதான் அவருக்கு அந்த அமைதி பிடிக்காமல் போனது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாபிராவுக்கு அவர்மேல் கோபமும் உண்டு, பிரியமும் உண்டு. இரண்டில் எது கூடுதல் என்று அவள் பார்த்ததில்லை.

ஆனால் இப்போது பிரச்சினை வேறு. தகப்பன் மதத்தை விட்டவனுக்கு ஊர்க் கல்லறையில் இடமில்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். துராத்பெக்கின் அண்ணன் மாம்பெத் தொழுகை தவறாதவர். தம்பி மதம் மாறியதிலிருந்து அவன் வீட்டில் கைநனைக்காதவர். அவர்தான் ஒவ்வொரு வாசலாகப் போய் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஓடைக்கரை ஓரமாக ஒரு குழிக்கு இடம் கிடைத்தது. பாட்டு இருக்கக் கூடாது, சிலுவை இருக்கக் கூடாது, ஊர் வழக்கப்படி எல்லாம் நடக்க வேண்டும். திரும்பி வந்ததும் அவர் சாபிராவிடம் சொன்னார்:

"சாபிரா, எல்லாம் முறைப்படி நடக்கணும். சின்னதா ஒரு பேச்சு வந்தாலும் குழியை மூடிடுவாங்க. அப்புறம் அவனை நான் எங்க கொண்டு போவேன்?"

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலோடு கணவரின் கோரிக்கை முடிந்தது என்று நினைத்தாள். சொந்தச் சபையே குறை சொல்லும் பிணத்துக்கு ஊர் இடம் கொடுக்குமா? அப்படி நினைத்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பாரம் இறங்கியதில் வெட்கமாகவும் இருந்தது.

கூடார வாசல் வழியாக அசான்காதிர் வருவதைப் பார்த்தாள். யாரும் சொல்லி அனுப்பவில்லை, தானாகவே வந்திருந்தான். மற்ற ஆண்களைப் போலவே கொஞ்ச தூரத்திலிருந்தே அழுதுகொண்டு ஓடிவந்து எமிலைக் கட்டிக்கொண்டான். பெண்களுக்குள் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. வந்துவிட்டானே, இதற்குமேல் என்ன வேண்டும் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பிணத்தைக் குளிப்பாட்டித் துணி சுற்றி, வெளியே எடுத்துப் போய்ப் பாடையில் வைத்தார்கள். பெண்கள் உள்ளேயே இருக்க வேண்டும். கம்பளிக்கு அந்தப் பக்கம் கால்கள் நகர்கிற சத்தமும், கொப்பரையில் கறி கொதிக்கிற சத்தமும் கேட்டன. பிறகு மாம்பெத்தின் குரல் எழுந்தது.

"ஜனங்களே, என் தம்பி எப்படிப்பட்ட மனுஷன்?"

"நல்ல மனுஷன்" என்று எல்லாக் குரல்களும் ஒன்றாகச் சொல்லின. சபைக்காரர்கள் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள். அந்தக் குரல்களுக்குள் அசான்காதிரின் குரலும் இருந்தது. வருஷக்கணக்காகச் சபையில் பாட்டு எடுத்துக் கொடுத்த குரல், அவளுக்கு நன்றாகத் தெரியும். மனசார மன்னித்துச் சொல்லியிருந்தால் அவள் அப்படியே உட்கார்ந்திருப்பாள். அந்தக் குரலில் மன்னிப்பு இல்லை. ஊருக்காகச் சொன்ன சொல் அது. அன்றைக்கு எல்லாரும் கிண்ணத்தைப் பார்த்தார்களே, அதே மாதிரிதான் இதுவும்.

சாபிரா எழுந்தாள். பக்கத்திலிருந்த சபைப் பெண் தாஜிகான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க அக்கா? உட்காருங்க. பொம்பளைங்க வெளிய போகக் கூடாது."

சாபிரா அவள் விரல்களைப் பிரித்துவிட்டு வாசல் தடுப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாப்ளார் மரத்தடியில் வெள்ளைத் தொப்பி வைத்த ஊர்ப் பெரியவர்கள் நின்றிருந்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாம்பெத்தின் முன்னால் அவள் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

"பைகே, இன்னொரு தடவை கேளுங்க" என்றாள்.

"உள்ள போம்மா" என்றார் மாம்பெத் மெதுவாக.

"அவர் கேட்டுக்கிட்டது, பைகே. சாகற அன்னிக்குக் காலையில. நல்ல மனுஷன்னு சொல்லி மூடிட வேண்டாம், என்னால நொந்தவங்க சொல்லட்டும்னு சொன்னார். நான் சரின்னு சொல்லல. பதில் வாங்காமலே போயிட்டார்."

மரத்தடியில் ஒருவர் தொண்டையைச் செருமினார். சாபிராவுக்கு ஓடைக்கரைக் குழி ஞாபகம் வந்தது. என்ன காரியம் செய்துவிட்டேன் என்று பயந்தாள். மாம்பெத் அவளையே பார்த்தார். பிறகு பாடையைப் பார்த்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பியபோது அவர் குரல் முன்பு இருந்ததுபோல இல்லை.

"என் தம்பியால நொந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க."

சபைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அப்போது கூடாரத்துக்குள்ளிருந்து தாஜிகானின் குரல் வந்தது: "என் பொண்ணு கல்யாணத்துக்கு நாள் குறிச்சதும் அவருதான், மாத்தினதும் அவருதான். பெத்தவங்க எங்களை ஒரு வார்த்தை கேட்கல." கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன், தான் ஒருநாள் பிரசங்கம் செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார் என்று சொன்னான். சொல்லிவிட்டு, பெரிய காரியமில்லை என்பதுபோலத் தலையைத் தடவிக்கொண்டான்.

அசான்காதிர் தொப்பியைக் கழற்றினான்.

"என் பிள்ளைங்க முன்னாடி என்னை வெளிய அனுப்பினார். நீ என்னப்பா திருடினேன்னு சின்னவன் இன்னும் கேட்கிறான். நான் சொன்னது சரின்னு அவருக்கு அன்னிக்கே தெரியும். அவர் முகத்துல பார்த்தேன்."

மாம்பெத் வழக்கத்தில் உள்ள அடுத்த கேள்வியைக் கேட்டார். "மன்னிச்சு அனுப்பி வைக்கிறியா?"

"இன்னும் இல்ல, பைகே. இப்பத்தான் எல்லாரோடும் சேர்ந்து ஒரு பொய் சொன்னேன். இன்னொண்ணு வேண்டாம்." அவன் தொப்பியை மறுபடி தலையில் வைத்தான். "ஆனா தூக்க வரேன்."

ஊர்ப் பெரியவர்களில் மூத்தவர் முன்னால் வந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. சூரியன் எங்கே இருக்கிறதென்று மலைப்பக்கம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மாம்பெத்திடம் சொன்னார்:

"குழி வெட்டினவங்க குளிர்ல நிக்கறாங்க. கிளம்புங்க."

மாம்பெத் ஒரு மூலையைப் பிடித்தார். எமில் தன் இடத்தை அசான்காதிருக்கு விட்டுவிட்டுப் பின்னால் போனான். நால்வரும் தூக்கியபோது பாடை ஒரு பக்கமாகச் சரிந்தது. அசான்காதிர் மற்றவர்களைவிடக் குள்ளம். அவன் எட்டிப் பிடித்துத் தோளை உயர்த்திப் பார்த்தான், எட்டவில்லை. மாம்பெத் முழங்காலைக் கொஞ்சம் மடக்கினார். பிறகு மற்ற இருவரும் மடக்கினார்கள். பாடை நேரானது. வெளிக்கதவைத் தாண்டிப் பெண்கள் போக முடியாது. அங்கே நின்று சாபிரா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூவரும் அப்படியே குனிந்த வாக்கில் ஓடைக்கரைப் பக்கம் திரும்பினார்கள்.