கூடக் கொஞ்சம் எண்ணெய்

விதைப்பயறு முளைக்கிறதா என்று பார்க்கச் சுருட்டி வைத்த ஈரச்சாக்கைப் பிரித்தபோது பயறெல்லாம் நன்றாக ஊறிப் பருத்திருந்தது. முளை மட்டும் ஒன்றில்கூட இல்லை. நம்பாமல் அவள் அடியிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்தாள். அங்கேயும் அதே கதை. வண்டு வராமலிருக்க அவள் சேர்த்திருந்த கிராம்பு எண்ணெயின் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. விதைப்புக்கு நிலத்தை உழுது போட்டாயிற்று.

ஒரு காலத்தில் இந்த வீட்டிலும் வண்டு மாத்திரைதான். மூட்டைகளுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் விஷக்காற்று கிளம்பி வண்டைக் கொல்லும். ஒரு தடவை அந்தக் காற்று சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து அறைக்குப் போனது. அங்கே சின்ன மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மாத்திரையை வைத்தவன் பிள்ளையைப் பெற்றவனேதான். அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, "இனிமே அந்தச் சனியன் இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்று கத்தியவள், அதன்பிறகு சோறு, தண்ணீர் தாண்டி அவனோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. பெரிய மகள் இன்னும் அதே அறையில்தான் படுக்கிறாள்.

பஞ்சில் நாலு சொட்டு விட்டு விதை டிரம்முக்குள் தொங்கவிட்டால் போதும், விதையில் எண்ணெய் படவே கூடாது என்றுதான் எண்ணெய்க் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் எண்ணெய் தோற்றால் மாத்திரை திரும்பி வந்துவிடுமே! அந்தப் பயம் பிடித்தவள் சொட்டு எண்ணிக்கொண்டிருப்பாளா? புட்டியையே பயறின்மேல் கவிழ்த்து, இரண்டு கையாலும் பிசிறி, மூடியை இறுக்கிவிட்டாள். வண்டோடு விதையும் செத்தது.

கணவன் வந்து எட்டிப் பார்த்தான்.

"வண்டு விழுந்துடுச்சா?"

"வண்டு ஒண்ணுகூட இல்ல. முளையும் ஒண்ணுகூட இல்ல."

அவன் சாக்கின் ஓரமாக உட்கார்ந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"விதைய வெளியில வாங்கிக்கலாம். மாத்திரை மட்டும் வேணாங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

அவன் ஒரு பயறை எடுத்து முகர்ந்தான். "எவ்வளவு ஊத்தின?"

"புட்டி முழுசும்."

"நாலு சொட்டுதானே சொன்னாங்க?"

"வண்டு வந்துடக் கூடாதேன்னு..."

அவன் தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"அன்னிக்கு எங்கிட்டயும் ரெண்டு மாத்திரை போதும்னுதான் சொன்னாங்க. நான் ஒரு கை அள்ளி வெச்சேன்" என்றான். "வண்டு வந்துடக் கூடாதேன்னுதான்."

அவனைக் கேட்க வேண்டும் என்று இத்தனை காலமும் அவள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் கொஞ்சநஞ்சமல்ல. அத்தனையும் இப்போது அவளையே சுட்டன. அவனை மன்னிக்கவும் முடியவில்லை. ஆனால் அந்தக் கை எப்படி அள்ளியிருக்கும் என்று இப்போது தெரிந்துவிட்டது. அது தெரியாமலேயே இருந்திருக்கலாம் என்று அழுகையாக வந்தது.

அவன் எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். முளைக்காது என்று அவனுக்குத் தெரியாதா? ஆனாலும் பயறின்மேல் தெளித்தான். சாக்கு ஒரு பக்கம் சுருண்டது. அவள் குனிந்து அந்த முனையைப் பிடித்துக்கொண்டாள். அவன் இன்னும் கொஞ்சம் தெளித்தான்.